ஆற்றில் ஒரு நாள் கயாக்: நீச்சல் தெரியாத குடும்பத்துக்கு மன்றோ துருத்து சரிப்படுமா?

சாரல்வீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்காசியிலிருந்து எழுதுகிறேன். துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகான கயாக்கை ஆற்றில் ஓட்ட வேண்டும் என்று என் மகள் இரண்டு வருடமாக நச்சரிக்கிறாள். இந்த அரையாண்டு விடுமுறையிலாவது ஒரு நாள் அழைத்துப் போய்விட வேண்டும் என்று இருக்கிறேன். விடியற்காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். வெளியூரில் தங்க வழியில்லை.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், 14 வயது மகள், 9 வயது மகன், 66 வயதான என் அப்பா. கணவர் மட்டும் சிறுவயதில் கிணற்றில் நீச்சல் பழகியவர். மற்ற நால்வரும் குற்றாலத்தில் அருவிக்கு அடியில் நின்றிருக்கிறோம், அவ்வளவுதான். கொல்லத்துக்குப் பக்கத்தில் மன்றோ துருத்து நன்றாக இருக்கும் என்று உடன் வேலை பார்க்கும் ஆசிரியை சொன்னார். நீச்சல் தெரியாதவர்கள் அங்கே கயாக்கில் ஏறலாமா? அப்பாவை அழைத்துப் போகலாமா, வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் நல்லதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். படங்கள் நிறையப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது படத்தில் இல்லாத விஷயங்கள்.

துடுப்புக்காரர் எழுதியது:

அக்கா, தாராளமாகப் போகலாம். பத்து வருடமாகக் கயாக் ஓட்டுகிறேன். முதல்முறை ஏறுகிறவர்களை நான் அழைத்துப் போவதே அங்கேதான். ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் வேறு ஊர் ஆற்றையும் நீங்களே எடைபோட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கல்லடையாறு குளத்துப்புழைப் பக்கத்து மலைகளில் பிறந்து தென்மலை, புனலூர் வழியாக இறங்கி அஷ்டமுடிக் காயலில் கலக்கிறது. கலக்கும் இடத்தில் வண்டல் படிந்து உண்டான தீவுக்கூட்டம்தான் மன்றோ துருத்து. திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடெண்டாக இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயர் அது. தீவுக்குள் நம் ஊர்த் தெருக்களைப்போலக் குறுக்கும் நெடுக்கும் வாய்க்கால்கள் ஓடுகின்றன. அவர்கள் பேச்சில் அதற்குத் 'தோடு' என்று பெயர். சில தோடுகள் எவ்வளவு குறுகல் என்றால், துடுப்பின் இரண்டு முனையும் இரண்டு கரையிலும் இடிக்கும்.

புதிதாக ஏறுகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான தண்ணீர் கிடைப்பது அரிது. பாறை இல்லை, பாய்ச்சல் இல்லை. பயந்துவிட்டால் நாலு தள்ளு தள்ளினால் கரை. ஆறுகளை ஓட்டத்தின் கடுமையை வைத்து ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று என்பது சிற்றலை. ஆறு என்பது கைதேர்ந்தவரே உயிரைப் பணயம் வைக்கும் இடம். இந்தத் தோடுகள் அந்த ஒன்றைக்கூட எட்டாது. கடலின் ஓதத்துக்கு ஏற்பத் தண்ணீர் மெல்ல ஏறும், மெல்ல வற்றும், அவ்வளவுதான்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. தோடு முடிந்து காயல் திறக்கும் இடத்தில் கரை சட்டென்று தூரமாகிவிடும். முற்பகல் முதிர முதிரக் கடற்காற்றும் எழும்பும். காலையில் கண்ணாடிபோலக் கிடந்த காயலில் நண்பகலுக்கு மேல் எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டால், தெரிந்தவருக்கே தோள் கழன்றுவிடும். ஆகவே விடியலுக்கு முன் தண்ணீரில் இறங்கி, ஒன்பது ஒன்பதரைக்குள் கரையேறிவிடுங்கள். பகல் பதினொரு மணிக்கு இடம் இருக்கிறது என்று சொன்னால் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள்.

கிணற்றுநீச்சல் எழுதியது:

என் கருத்து வேறு. நீச்சல் தெரியாதவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. குடும்பமாகப் போகிறீர்கள் என்பதால் இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் நீச்சல் தெரியும் என்றால், ஆபத்து நேரத்தில் அந்த ஒருவர் எந்தக் கையால் யாரைப் பிடிப்பார்?

2009இல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். 2023 மே மாதம் தானூரில் 22 பேர். அவர்களில் எத்தனையோ பேர் குழந்தைகள். அவர்களையும் யாரோ ஒருவர், ஒன்றும் ஆகாது, வாருங்கள் என்றுதான் ஏற்றியிருப்பார். குழந்தைகளுக்கு முதலில் நீச்சல் கற்றுக்கொடுங்கள். ஆறு எங்கேயும் போய்விடாது, அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும்.

துடுப்புக்காரர் எழுதியது:

அண்ணாச்சி, நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு விபத்தும் பெரிய படகில் நடந்தவை. தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றினார்கள், லைஃப் ஜாக்கெட் போடவில்லை. கவிழ்ந்தபோது உள்ளே சிக்கியவர்களால் வெளியே வர முடியவில்லை.

மன்றோ துருத்தில் தருவது பெரும்பாலும் மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக். உள்ளே குழி கிடையாது, காலை மூடும் துணி கிடையாது. ஒரு தட்டின்மேல் உட்கார்ந்திருப்பதுபோல இருப்பீர்கள். கவிழ்ந்தால் நீங்கள் தனியாக விழுவீர்கள், அது தனியாக மிதக்கும், சிக்கிக்கொள்ள இடமில்லை. தண்ணீருக்கு மேலே உங்களை வைத்திருப்பது லைஃப் ஜாக்கெட்டின் வேலை. நீச்சல் தெரிந்தவரும் அதைக் கழற்றக் கூடாது. தலையில் அடிபட்டுவிட்டால் நீச்சல் எந்தப் பயனும் தராது.

நெய்தல்நிலா எழுதியது:

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லைஃப் ஜாக்கெட் போட்டால் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு கேரளத்தில் வேறொரு காயலுக்குத் தோழிகளோடு போயிருந்தேன். நடத்தியவர்களின் பெயரும் ஊரும் வேண்டாம். கொடியில் கிடந்த ஈர ஜாக்கெட்டை எடுத்து என் தலை வழியாக மாட்டிவிட்டார்கள். அதில் மூன்று வார்களில் ஒன்றுக்குக் கொக்கி உடைந்திருந்தது; அங்கே சாக்குத் தைக்கும் கயிற்றால் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார்கள். எனக்கு அது இரண்டு விரல் அளவு தளர்ச்சி என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு முழக் கையே உள்ளே போகும். கேட்டேன். "ஆழமே இல்லை மேடம்" என்றார்கள்.

ஓரமாகப் போகும்போது கயாக், கரையோரச் சேற்றில் வளரும் கண்டல் மரத்தின் பக்கம் ஒதுங்கியது. பயத்தில் கிளையைப் பிடித்தேன். கை கிளையில், கயாக் கீழே நகர்கிறது. நான் பக்கவாட்டில் விழுந்துவிட்டேன். உண்மையிலேயே ஆழம் இல்லை, நெஞ்சளவுத் தண்ணீர்தான். ஆனால் ஜாக்கெட் மேலே ஏறி இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு தாடையில் வந்து நின்றது. எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. காலை ஊன்றலாம் என்றால் முழங்கால் வரை சேறு. ஒரு காலை இழுத்தால் மற்றது இன்னும் உள்ளே போகிறது. வழிகாட்டிப் பையன் வந்து என் முதுகுப் பட்டையைப் பிடித்துத் தூக்கும் வரை இருபது முப்பது நொடிதான் இருக்கும். அந்தச் சேற்றின் கனம் இன்னும் என் காலில் இருக்கிறது.

அதனால் சாரல்வீடு அக்கா, ஜாக்கெட்டை நீங்களே பார்த்து வாங்குங்கள். வெட்கப்படாதீர்கள்.

துடுப்புக்காரர் எழுதியது:

நெய்தல்நிலா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அதில் இரண்டு பாடம் இருக்கிறது, இரண்டையும் விரித்துச் சொல்லிவிடுகிறேன்.

ஜாக்கெட்டை மாட்டி, கீழ்வாரிலிருந்து தொடங்கி மேல்வார் வரை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். பிறகு வீட்டுக்காரரை உங்கள் எதிரே நிற்கச் சொல்லி, தோள்பட்டைகள் இரண்டையும் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுக்கு ஏறினால் அளவு பெரிது, மாற்றச் சொல்லுங்கள். உங்கள் உடலும் சேர்ந்து மேலே வந்தால் சரியான அளவு. மகனுக்குக் குழந்தைகளுக்கான ஜாக்கெட், காலிடுக்கு வழியாகப் பட்டை வரும் வகை வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக் குழந்தைக்குப் போடுவது வேண்டாம். விழுந்த நொடியில் குழந்தை அதற்குள்ளிருந்து வழுக்கி இறங்கிவிடும். போன் செய்யும்போதே மகனின் எடையைச் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால் அந்த இடம் உங்களுக்கு இல்லை.

இரண்டாவது, கிளை. கயாக் எதிலாவது போய் இடித்தால் உடம்பு தானாக எதிர்ப்பக்கம் சாயும். அந்தச் சாய்வுதான் கவிழ்க்கும். இடிக்கும் பக்கமே சாயுங்கள். கிளையைத் துடுப்பால் தள்ளுங்கள், கையால் பிடிக்காதீர்கள். விழுந்துவிட்டால் காலை ஊன்றாதீர்கள். மல்லாந்து, காலை மேலே கொண்டுவந்து, தூங்குவதுபோல மிதந்து கிடந்தால் போதும், ஜாக்கெட் பார்த்துக்கொள்ளும்.

பொருநைமைந்தன் எழுதியது:

இதற்காக மலையைத் தாண்டிப் போக வேண்டுமா? நமக்குத் தாமிரபரணி இருக்கிறது. நான் அம்பாசமுத்திரம். டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் கரை நிறைய ஓடும். இப்போது காற்றடித்துக் கொள்ளும் கயாக் இணையத்தில் கிடைக்கிறது. ஒன்று வாங்கிப் பாபநாசத்துக்குக் கீழே இறக்கிவிட்டால் சேரன்மாதேவி வரை தானாகக் கொண்டுபோய் விட்டுவிடும். நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

துடுப்புக்காரர் எழுதியது:

தம்பி, தயவுசெய்து வேண்டாம். நானும் பொருநைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். உங்கள் ஆசை எனக்கும் உண்டு, அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். நீங்கள் சொன்ன தூரத்திலேயே சில குறுக்கே கிடக்கின்றன. கரையில் நின்று பார்த்தால் மழை நாளில் அழகாக வழிந்து விழும், நாம் படமெடுப்போம். கயாக்கில் உட்கார்ந்து மேலிருந்து வருகிறவருக்கு அது தெரியாது. ஆறு ஒரே மட்டமாக ஓடுவதுபோலவே இருக்கும், கிட்டே போகும்போதுதான் இரைச்சல் கேட்கும். அதற்குள் ஓட்டம் பிடித்துவிடும்.

விழுவதைவிட விழுந்த பிறகு நடப்பது கொடுமை. அணையின் அடியில் விழும் தண்ணீர் கீழே போய், திரும்பி மேலெழுந்து, அணையை நோக்கியே சுருண்டு வரும். அதில் மாட்டிய கட்டை அங்கேயே உருண்டுகொண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மனிதனையும் அப்படியே உருட்டும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் அந்த நுரைத் தண்ணீரில் காற்று கலந்திருப்பதால் அது வழக்கம்போலத் தூக்காது. காப்பாற்றக் குதித்தவர்களும் சேர்ந்து போவது இப்படித்தான். உயரம் நாலு அடியாக இருந்தாலும் இதே கதைதான்.

பொருநைமைந்தன் எழுதியது:

கன்னடியன் அணைக்கட்டில் கட்டை உருள்வதைச் சிறுவயதில் மணிக்கணக்காக நின்று பார்த்திருக்கிறேன். இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. யோசனையைக் கைவிட்டேன் அண்ணாச்சி. நன்றி.

கல்லடைக்கரை எழுதியது:

நான் பிறந்தது செங்கோட்டை, வாழ்க்கைப்பட்டது கொல்லம். என் மாமியாரின் பிறந்த வீடு மன்றோ துருத்துக்குள் இருக்கிறது. அங்கே வருகிறவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்று உண்டு.

நீங்கள் கயாக் ஓட்டும் தோடு அந்த மக்களின் வாசல். அதில்தான் பாத்திரம் துலக்குவார்கள், வள்ளம் என்ற நாட்டுப் படகைக் கட்டுவார்கள், படியில் உட்கார்ந்து தலை துவட்டுவார்கள். காலை ஆறு மணிக்கு நம் வாசலில் முன்பின் தெரியாத பத்துப் பேர் கைப்பேசியோடு வந்து நின்றால் நமக்கு எப்படி இருக்கும்? இரைந்து பேசாதீர்கள், கரையில் நிற்கிற பெண்களைப் படமெடுக்காதீர்கள். ஒரு சிரிப்பு, ஒரு தலையசைப்பு போதும். அவர்களே பேச்சுக் கொடுப்பார்கள். தென்காசி என்று சொல்லிப் பாருங்கள், குற்றாலம் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள்.

இன்னொன்று. அந்தத் தீவு தாழ்ந்துகொண்டிருக்கிறது. தென்மலை அணை வந்த பிறகு ஆறு கொண்டுவந்து போடும் வண்டல் குறைந்துவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு ஓதத் தண்ணீர் வீட்டுக்குள் வருவது கூடிவிட்டது என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். மாமியாரின் வீட்டில் சுவரில் உப்பு எந்த உயரம் வரை பூத்திருக்கிறது என்று பார்த்தாலே அந்த வருடத்து ஓதம் தெரிந்துவிடும். வாசற்படி மூன்று இருந்தது, இப்போது ஒன்றுதான் வெளியே தெரிகிறது. எத்தனையோ குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டன. மோட்டார் படகு எழுப்பும் அலை கரை மண்ணை அரிக்கிறது. துடுப்புப் போடும் கயாக்கும் கழி ஊன்றும் வள்ளமும் அப்படி அரிப்பதில்லை. அதனால் நீங்கள் கயாக்கில் வருவதில் எனக்கு மனப்பூர்வமான மகிழ்ச்சி. அந்த ஊர்க்காரர்களே நடத்தும் இடமாகப் பார்த்துச் சொல்லிவையுங்கள், பணம் அந்தத் தீவிலேயே தங்கும்.

மருத்துவர்_நாகர்கோவில் எழுதியது:

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வயது தடையில்லை. இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா, தோளும் முழங்காலும் எப்படி என்பதைத்தான் பார்க்க வேண்டும். கயாக்கில் இரண்டு மணி நேரம் காலை நீட்டி, முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும். ஏறுவதும் இறங்குவதும்தான் வயதானவர்களுக்குச் சிரமம். சந்தேகம் இருந்தால் அவரை வள்ளத்தில் உட்கார வையுங்கள். கயாக் போகிற தோடுகளில் அதுவும் போகும், கூடவே வருவார்.

யாரும் சொல்லாத ஒன்று, எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காயத்தின் வழியாக உடம்புக்குள் போனால் வரும். கேரளத்தில் மழைக்காலத்திலும் வெள்ளத்துக்குப் பிறகும் அதிகம். காலில் கையில் ஆறாத புண், வெடிப்பு இருப்பவர்கள் தண்ணீரில் இறங்குவதைத் தள்ளிப்போடுங்கள். சிறு கீறல் என்றால் தண்ணீர் புகாத ஒட்டுப்பட்டை போடுங்கள், திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஓரிரு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் வந்தால் மருத்துவரிடம் போய், காயல் தண்ணீரில் இறங்கினேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே சொன்னால் எளிதில் குணமாகிவிடும்.

ரயில்பயணி எழுதியது:

பயணத்தைப் பற்றி. பாலருவி எக்ஸ்பிரஸ் இரவில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாகப் போய் விடிவதற்குள் கொல்லத்தில் இறக்கிவிடும். மன்றோ துருத்துக்கென்றே சின்ன ரயில் நிலையம் இருக்கிறது, பாசஞ்சர் வண்டிகள் நிற்கும். ஆனால் விடியலுக்கு முன் தண்ணீரில் இறங்க வேண்டும் என்றால் கொல்லத்திலிருந்து ஆட்டோவோ காரோ பேசி வைத்துக்கொள்வதுதான் நல்லது.

குழந்தைகள் இருப்பதால் சொந்த வண்டி என்றால், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொட்டாரக்கரை, குண்டறை என்று ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். மலைப்பாதையில் இருட்டு, கட்டை லாரிகள் வரும்; இரண்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள். திரும்பும்போது பகல் வெளிச்சத்தில் புனலூர் தொங்குபாலத்தில் நிறுத்துங்கள். 1877இல் முடித்த பாலம், அடியில் ஓடுவது அதே கல்லடையாறு. அதற்கப்புறம் கழுதுருட்டியில் 1904இல் ரயில் விட்ட காலத்துப் பதிமூன்று கண் பாலம். ஆறு கலக்குமிடத்தைக் காலையில் பார்த்துவிட்டு மாலையில் அதன் மலை வரை திரும்பி வருவீர்கள். எனக்கு இந்தப் பாதையில் பிடித்ததே அதுதான்.

சாரல்வீடு எழுதியது:

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும். கிணற்றுநீச்சல் அண்ணாச்சி, நீங்கள் சொன்னதை ஒதுக்கவில்லை. கணவரும் நானும் அதைப் பற்றித்தான் இரவு முழுவதும் பேசினோம். மகனுக்குச் சரியான அளவு ஜாக்கெட் இருந்தால் மட்டும் போவது, ஆளுக்கு ஒரு கயாக் வேண்டாம், இருவர் ஓட்டும் கயாக்கில் போவது, காயலின் அகலப் பரப்புக்குப் போகாமல் தோடுகளுக்குள்ளேயே இருப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

மகள் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாள்: துடுப்பை எப்படிப் பிடிக்க வேண்டும்? இருவர் கயாக்கில் யார் பின்னால்?

துடுப்புக்காரர் எழுதியது:

பாப்பாவுக்கு: துடுப்பின் நடுத்தண்டைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடி. முழங்கை இரண்டும் சதுரமாக மடங்கியிருந்தால் அதுதான் உன் பிடி. துடுப்பு இலையின் குழிந்த பக்கம் உன்னைப் பார்த்திருக்க வேண்டும். பாதத்துக்குப் பக்கத்தில் இலையை முழுதாகத் தண்ணீரில் இறக்கு, இடுப்புக்கு நேராக வந்ததும் எடுத்துவிடு. அதற்குப் பின்னால் இழுத்தால் கயாக் முன்னே போகாது, திரும்பத்தான் செய்யும். கையால் இழுக்காதே. தயிர் கடையும்போது பாட்டியின் இடுப்பும் தோளும் சேர்ந்து திரும்புவதைப் பார்த்திருப்பாய். அந்தத் திருப்பம்தான் இதுவும். கையால் இழுப்பவருக்கு அரை மணி நேரத்தில் முன்கை கடுக்கும். உடம்பைத் திருப்புகிறவர் பகல் முழுவதும் ஓட்டலாம்.

வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்றால் இடப்பக்கம் துடுப்பை அகலமாக வில்போல வளைத்து வீசு. நிற்க வேண்டும் என்றால் பின்னோக்கிப் போடு. இருவர் கயாக்கில் கனமானவர், தெரிந்தவர் பின்னால். திசை அவர் பொறுப்பு. முன்னால் இருப்பவர் தாளம் போடுபவர். அவர் எந்தப் பக்கம் போடுகிறாரோ பின்னால் இருப்பவரும் அதே பக்கம், அதே நேரத்தில். இல்லையென்றால் துடுப்பும் துடுப்பும் மோதி வீட்டுச் சண்டை ஆற்றுக்கு வந்துவிடும்.

தாழ்ந்த நடைபாலங்கள் வரும். ஓதம் ஏறியிருந்தால் பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே சின்ன இடைவெளிதான் இருக்கும். முன்னால் குனியாமல் பின்னால் சாய்ந்து படுத்து, துடுப்பைக் கயாக்கின் நீளவாக்கில் வைத்துக்கொள். விரலை விளிம்புக்கு வெளியே விடாதே.

சாரல்வீடு எழுதியது (மூன்று வாரம் கழித்து):

போய்விட்டு வந்துவிட்டோம்!

ஐந்தே முக்கால் மணிக்குத் துறையில் இருந்தோம். இருட்டு. முதலில் ஜாக்கெட்தான். கணவர் என் தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், என் ஜாக்கெட் ஏறியது, வேறு கேட்டேன். நடத்தியவர் முகம் சுளிக்கவில்லை; இரண்டாவதை அவரே இழுத்துப் பார்த்துக் கொடுத்தார். மகனுக்குக் காலிடுக்குப் பட்டையோடு சிவப்பு ஜாக்கெட் எடுத்து வைத்திருந்தார்.

மகனும் கணவரும் ஒரு கயாக், மகளும் நானும் ஒரு கயாக், வழிகாட்டி தனியாக ஒன்று. அப்பா வள்ளத்தில். அதை ஓட்டியவருக்கும் அப்பா வயதுதான் இருக்கும், நீளக் கழியை ஊன்றி ஊன்றிச் சத்தமே இல்லாமல் வந்தார். முதல் பத்து நிமிடம் நான் கயாக்கின் விளிம்பைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. மகள் முன்னால் இருந்து "ஒன்று, இரண்டு" என்று தாளம் சொல்லச் சொல்லத்தான் துடுப்பைக் கையில் எடுத்தேன்.

பிறகு வெளிச்சம் வந்தது. தண்ணீருக்கு மேலே கையகல உயரத்துக்குப் பனிப்புகை நின்றது. துடுப்பை எடுக்கும்போது இலையின் நுனியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் விழுந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக விரிவதும், அந்த வட்டத்துக்குள் தென்னை மரம் நெளிவதும். ஒரு மீன்கொத்தி எங்களுக்கு முன்னால் கம்பத்துக்குக் கம்பம் தாவிக்கொண்டே வந்தது. கண்டல் மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்த இடத்தில் கயாக் ஒதுங்கியது. என் கை கிளைக்குப் போனது. நெய்தல்நிலா, உங்கள் நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டேன்.

ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மாள் படியில் உட்கார்ந்து கக்கா கழுவிக்கொண்டிருந்தார், நம் ஊர் மட்டி. எங்கே என்று கேட்டார். தென்காசி என்றேன். கல்லடைக்கரை அவர்கள் சொன்னது அப்படியே நடந்தது: அருவியில் தண்ணீர் இருக்கிறதா என்றார்.

எட்டே முக்காலுக்குத் திரும்பும் வழியில், குறுகலான தோட்டில், அப்பா என்னைக் கூப்பிட்டு மெதுவாக, "அதில் ஒரு தரம் உட்கார்ந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டார். வழிகாட்டி கயாக்கைப் படியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அப்பாவை முதலில் உட்கார வைத்து, பிறகு காலை உள்ளே எடுத்தோம். மகள் பின்னால், அப்பா முன்னால். நான் வள்ளத்தில். கால் மணி நேரம் தாத்தா தாளம் போட, பேத்தி திசை பார்க்க, இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் போய்க்கொண்டே இருந்தார்கள். நான் படமெடுக்கவில்லை.

ஒன்பதரைக்குக் கரையேறியபோது காயல் பக்கம் காற்று எழும்பியிருந்தது, தண்ணீர் சிலிர்த்திருந்தது. நீங்கள் நேரம் சொன்ன காரணம் அப்போது புரிந்தது.

கல்லடைக்கரை எழுதியது:

படித்துக் கண் கலங்கிவிட்டது. அடுத்த முறை வரும்போது முன்பே சொல்லுங்கள், மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

மருத்துவர்_நாகர்கோவில் எழுதியது:

மகிழ்ச்சி. யாருக்காவது காய்ச்சல் வந்ததா?

சாரல்வீடு எழுதியது:

இல்லை டாக்டர், எல்லோரும் நலம். மகளின் உள்ளங்கையில் மட்டும் ஒரு கொப்புளம். அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது அவளுக்கும் தம்பிக்கும் நீச்சல் கற்க வேண்டுமாம். இங்கே பெண் பிள்ளைகளுக்கு எங்கே சொல்லித் தருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

கிணற்றுநீச்சல் எழுதியது:

அம்மா, பத்திரமாகப் போய் வந்ததில் எனக்குத்தான் முதல் நிம்மதி. ஜாக்கெட்டை மாற்றச் சொல்லிக் கேட்டீர்களே, அதைப் படித்தபோது நான் முதலில் எழுதியது கொஞ்சம் கடுமை என்று தோன்றியது.

கடையநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் படிக்கிணறு இருக்கிறது. என் மனைவி அதில் ஊர்ப் பெண்பிள்ளைகள் பலருக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், இன்றும் சுரைக்குடுக்கை கட்டித்தான் பழக்குகிறாள். பங்குனி பிறந்தால் தண்ணீர் ஐந்தாவது படிக்கு இறங்கிவிடும், புதியவர்களுக்கு அதுதான் தோதான மட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளை அழைத்து வாருங்கள்.

சாரல்வீடு எழுதியது:

கட்டாயம் வருகிறோம் அண்ணாச்சி. அக்காவிடம் சொல்லிவையுங்கள், இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். நானும் பழக வேண்டும்.